கர்த்தருக்குப் பயந்தவ கோர்ட் படி ஏறலாமா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு ஊர் ஏற்காடு, நாகலூர் பக்கம். கல்யாணமாகி சேலம் அம்மாபேட்டையில இருக்கேன், வீட்லயே டெய்லரிங், பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம். அப்பா போன வருஷம் நித்திரையடைஞ்சாங்க, உயில் எழுதல. நாலரை ஏக்கர் காப்பித் தோட்டம், அதுக்குள்ளயே வீடு, எல்லாம் அப்பா சொந்தமா சம்பாதிச்சது. அம்மா, அண்ணன், அக்கா, நான், நாலு பேருதான். இப்ப அண்ணன், எங்க பங்க அவருக்கு விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம் டைப் பண்ணி வச்சு கையெழுத்து கேக்கறாங்க, அக்கா சரின்னுட்டா. நான் யோசிக்கணும்னு சொன்னதுக்கு, "உனக்கு 20 பவுன் போட்டுத்தானே கட்டிக் குடுத்தோம், அதுவுமில்லாம அப்பா அடக்கத்தன்னைக்கு எனக்கு எதுவும் வேணாம்ணான்னு நீயே எல்லார் முன்னாடியும் சொன்ன, அது தேவ சமூகத்துல சொன்ன வார்த்தை, பொருத்தனை"ங்கறாங்க. சபையில பாஸ்டரும் 1 கொரிந்தியர் 6-ஐ காட்டி, மனுஷ சட்டம் உனக்குப் பங்கு குடுக்கலாம்மா, தேவ சட்டம் விட்டுக்குடுக்கத்தான் சொல்லுது, கர்த்தருக்குப் பயந்தவ கோர்ட் படி ஏறமாட்டான்னு சொன்னாரு. மனசு உறுத்தி கொஞ்ச நாளா திருவிருந்து கூட எடுக்கறதில்ல. நான் கேக்கறது பொருளாசையா? கையெழுத்து போட்டுடட்டுமா? டிராஃப்ட் பத்திரத்த போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.

பதில்:

சகோதரி, ஸ்தோத்திரம். முதல்ல ஒண்ணு, நான் அஸ்தம்பட்டி கோர்ட்ல சிவில் பார்க்கற வக்கீல், போதகர் இல்ல, அதனால உங்க ஆத்துமாவுக்கு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா ஞாயித்துக்கிழமை நானும் உங்கள மாதிரி பெஞ்சுல உக்கார்றவன்தான், உங்க பாஸ்டர் காட்டுன வசனம் எனக்கும் தெரியும், கிறிஸ்தவ வக்கீலா இருந்துட்டு அந்த வசனத்தத் தாண்டிப் போகவும் முடியாது.

நீங்க அனுப்புன போட்டோவுல ரெண்டாவது பக்கத்த நீங்க படிச்சீங்களான்னு தெரியல, படிச்சிருந்தா உங்க லெட்டர் வேற மாதிரி வந்திருக்கும். நடுவுல ஒரு வரி இருக்கு, "மேற்படி சொத்தில் எனக்குள்ள பாகத்துக்கு ஈடாக ரூபாய் 2,00,000 ரொக்கமாக இன்று தேதியில் சாட்சிகள் முன்னிலையில் பெற்றுக்கொண்டு". கீழ வழக்கமான வாசகம், "யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இல்லாமல், முழு மனசம்மதத்துடன் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்". அண்ணன் காசு குடுத்தாரான்னு உங்ககிட்ட போன்ல கேட்டேன், ஒத்த ரூபா இல்லன்னீங்க. ஆக நீங்க கையெழுத்து போட்டா வாங்காத காசை வாங்குனேன்னும், ரெண்டு மாசமா தூக்கமில்லாம கெடந்த நீங்க மனசார எழுதிக் குடுத்தேன்னும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல விரல் ரேகை வச்சு, போட்டோ எடுத்து, சாட்சிய பக்கத்துல நிறுத்தி சொல்றீங்க. பத்திரம் எழுதறவங்க இந்த மாதிரி ஒரு தொகைய போடறது சகஜம், உங்க அண்ணன் கெட்ட எண்ணத்துல போட்டாருன்னு நான் சொல்ல வரல, பழைய மாடல்ல பேரை மட்டும் மாத்தி அடிச்சிருப்பாங்க. ஆனா பத்து கட்டளையில "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக"ன்னு இருக்கறதுக்கு மாடல் பத்திரம்னு விதிவிலக்கு எதுவும் நான் பார்த்ததில்ல. தேவ சட்டம் பேசறாங்கல்ல, அது முதல்ல வந்து நிக்கற இடம் இந்த ரெண்டாவது பக்கம்தான். இந்த வடிவத்துல இந்தப் பத்திரத்துல கையெழுத்து போடாதீங்க, பங்கு வேணும்னாலும் சரி வேணாம்னாலும் சரி.

இப்ப மனுஷ சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். நம்ம கிறிஸ்தவங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாம ஒருத்தர் இறந்தா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மிச்ச மூணுல ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்கு சரிசமமா, ஆம்பள பொம்பள வித்தியாசம் கெடையாது. உங்க நாலரை ஏக்கர்ல அம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர், அண்ணன், அக்கா, நீங்க ஆளுக்கு ஒரு ஏக்கர், கணக்கு அவ்வளவுதான். அப்புறம் அந்த 20 பவுன். அதே சட்டத்துல 49-வது பிரிவு இருக்கு, பலபேருக்கு தெரியாது. அப்பா உயிரோட இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு அதோட முன்னேத்தத்துக்குன்னு குடுத்த பணமோ பொருளோ, அவர் இறந்தப்புறம் பாகம் பிரிக்கும்போது கழிக்கக் கூடாது. நகைய கழிக்கக் கூடாது, அதேமாதிரி அண்ணன் படிப்புக்கு அப்பா கட்டுன ஃபீஸையும் நீங்க கழிக்கச் சொல்ல முடியாது, ரெண்டு பக்கமும் தான். அடக்கத்தன்னைக்கு அழுதுட்டே சொன்ன வார்த்தைக்கும் சட்டத்துல மதிப்பு இல்ல, நெலத்துல இருக்கற உரிமைய வாயால விட முடியாது, ரெஜிஸ்டர் பண்ணுன பத்திரம் வேணும். அதனாலதான உங்க அண்ணன் பத்திரத்தோட வர்றாரு.

ஆனா உங்க கேள்வி இது இல்லன்னு எனக்குத் தெரியும். சட்டம் குடுக்கும், தேவன் என்ன சொல்வார்ங்கறதுதான் உங்களுக்கு.

"மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்"னு பேதுரு சொன்னத எல்லாரும் எல்லாத்துக்கும் எடுத்துப் போடறாங்க. அப்போஸ்தலர் 5-ஐ திறந்து பாருங்க, இயேசுவோட நாமத்துல போதிக்கக் கூடாதுன்னு ஆலோசனைச் சங்கம் கட்டளை போட்டப்ப சொன்னது. கர்த்தர் செய்யச் சொன்னத செய்யாதேன்னு ஒரு அதிகாரம் தடுக்கும்போதுதான் அந்த மோதலே வருது. நம்ம நாட்லயும் அப்படி நடந்திருக்கு, கேரளாவுல யெகோவா சாட்சிகளோட பிள்ளைங்க மூணு பேர் தேசிய கீதத்துக்கு மரியாதையா எழுந்து நின்னாங்க, ஆனா மனசாட்சி ஒத்துக்கலன்னு பாடல, ஸ்கூல்ல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க, 1986-ல உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அது உண்மையான மோதல், அதுலயும் மனுஷ சட்டமே இறங்கி வந்து மனசாட்சிக்கு இடம் விட்டுச்சு. உங்க விஷயத்துல அப்படி எதுவும் இல்ல. வாரிசுரிமைச் சட்டம் உங்கள எதையும் செய்யச் சொல்லல, இது உன்னோடதுன்னு மட்டும் சொல்லுது, எடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். கட்டாயம் பண்ணாத ஒரு சட்டம் தேவ கட்டளையோட எப்படி மோதும்?

அப்ப மோதறது எது? மாற்கு 7 வாசிங்க, எனக்கு இந்த மாதிரி கேஸ் வர்றப்ப எல்லாம் ஞாபகம் வர்ற அதிகாரம் அதுதான். அப்பா அம்மாவுக்கு செய்ய வேண்டியத "கொர்பான்", அதாவது கோயிலுக்குக் காணிக்கையா நேர்ந்துட்டேன்னு ஒருத்தன் சொல்லிட்டா அவன் அதுக்கப்புறம் பெத்தவங்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லன்னு வேதபாரகர் வச்சிருந்தாங்க. பார்க்கறதுக்கு எவ்வளவு பக்தியா இருக்கு பாருங்க, பொருத்தனை, காணிக்கை, தேவன் பேரு எல்லாம் இருக்கு. இயேசு கோவப்பட்டது அதுக்குத்தான், உங்க பாரம்பரியத்தால தேவனோட வசனத்த அவமாக்குறீங்கன்னாரு. பொம்பளப் பிள்ளைக்கு நகை, ஆம்பளப் பிள்ளைக்கு நெலம்ங்கறது எந்த வேதத்துல இருக்கு? சேவராயன் மலையில இருக்கு, சேலத்துல இருக்கு, கொங்கு நாடு பூரா இருக்கு, சாதி மதம் பார்க்காம எல்லா வீட்லயும் இருக்கு. அது ஊர் வழக்கம். அது மேல ஒரு வசனத்த ஒட்டிட்டா தேவ சட்டம் ஆயிடாது. நீங்க அழுகையில அண்ணன் தோள்ல சாஞ்சு சொன்ன ஒரு வார்த்தைய பொருத்தனைன்னு ஆக்கறது எனக்கு கொர்பான் வாசனைதான் அடிக்குது. பொருத்தனைங்கறது கர்த்தருக்குப் பண்றது, அண்ணனுக்கு இல்ல.

உங்க அண்ணன் வேதம் நல்லா தெரிஞ்சவர்னு போன்ல சொன்னீங்க, அதனால செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க கதைய நீங்க எடுத்தா உடனே மடக்கிடுவாரு. எண்ணாகமம் 27-ல அந்தப் பொண்ணுங்க மோசே முன்னாடி, ஆசாரியன், பிரபுக்கள், மொத்த சபை முன்னாடி வந்து நின்னு எங்க அப்பா காணியாட்சி எங்களுக்கு வேணும்னு கேட்டாங்க, கர்த்தர் அவங்க பேசறது சரிதான்னாரு. ஆனா அங்க ஆண்பிள்ளை இல்ல, அதுதான் காரணம், அண்ணன் அத சொன்னா அது நியாயமான பதில்தான். நான் அதவிட யோபு 42-ஐ காட்டுவேன். யோபுவுக்கு திரும்பவும் ஏழு குமாரர், மூணு குமாரத்திகள், அந்தப் பொண்ணுங்களுக்கு "அவர்கள் சகோதரரின் நடுவிலே" சுதந்தரம் குடுத்தான்னு எழுதியிருக்கு. பசங்க ஏழு பேர் இருக்கும்போதே குடுத்தான், எந்தச் சட்டமும் அவன கட்டாயப்படுத்தல. அதோட இன்னொண்ணு, மோசே சட்டப்படிதான் பாகம்னா மூத்தவனுக்கு ரெட்டைப் பங்கு உண்டு, அம்பதாவது வருஷம் வித்த நெலம் திரும்பி வரணும், இதையெல்லாம் நாகலூர்ல யாரு கடைப்பிடிக்கறாங்க? வேணுங்கற வசனத்த மட்டும் பொறுக்கி எடுத்தா அது வேதம் இல்ல.

இப்ப 1 கொரிந்தியர் 6. இத லேசா தள்ள முடியாது, தள்ளவும் மாட்டேன். பவுல் கோவமா எழுதறாரு, சகோதரனோட சகோதரன் வழக்காடறான், அதுவும் அவிசுவாசிகள் முன்னாடின்னு. "நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை"ன்னு கேக்கற 7-வது வசனம் உங்க பாஸ்டர் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுனது. நல்லது. அதுக்கு முன்னாடி 5-வது வசனத்த வாசிச்சாரா? சகோதரருக்குள்ள வழக்க தீர்க்கத்தக்க விவேகி ஒருத்தன்கூட உங்களுக்குள்ள இல்லையான்னு பவுல் சபைய பார்த்து கேக்கறாரு. கோர்ட்டுக்குப் போகாதன்னு சொல்ற சபைக்கு அங்க ஒரு வேலை இருக்கு, ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சு, கணக்கு கேட்டு, யாரு பக்கம் நியாயம்னு சொல்லணும். பாஸ்டர் உங்க அண்ணன கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாரா? உங்க லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல. அப்புறம் 8-வது வசனம், "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே". இது பங்கு கேக்கறவங்களுக்கு எழுதுனது இல்ல, பங்க வச்சிருக்கறவங்களுக்கு. ஒரே பாராவுல ரெண்டு வசனம், ஒண்ண தங்கச்சிக்கு வாசிச்சுட்டு இன்னொண்ண அண்ணனுக்கு வாசிக்காம விட்டா எப்படி. உங்க அண்ணன் சபையில மூப்பர் வேற, காணிக்கை நல்லா குடுக்கறவர் வேற, சரி அத விடுங்க.

பவுலே இராயனுக்கு அபயமிட்டாரே, அதாவது ரோமப் பேரரசர்கிட்ட மேல்முறையீடு பண்ணாரே, பிலிப்பியில ரோமக் குடியுரிமைய சொல்லி அதிகாரிங்கள நேர்ல வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னாரேன்னு சில பேர் சொல்வாங்க. உண்மைதான், கோர்ட்டே பாவம்னு அவர் நினைக்கல. ஆனா அது அவர் மேல குற்றம் சாட்டுனவங்க கிட்ட இருந்து தப்பிக்க, சகோதரன் மேல கேஸ் போட இல்ல. அத ஒரு சாக்கா வச்சு நாளைக்கே நோட்டீஸ் அனுப்புங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

பொருளாசையான்னு கேட்டீங்க. லூக்கா 12-ல ஒருத்தன் வந்து என் சகோதரன் பாகத்த பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க போதகரேன்னான், இயேசு நான் உங்களுக்கு பங்கிடறவன் இல்லன்னுட்டு பொருளாசைய குறிச்சு எச்சரிக்கையா இருங்கன்னாரு. இந்த இடம் எனக்கும் ஒவ்வொரு தடவையும் குத்தும். அத படிச்சுட்டு உங்கள நீங்களே கேட்டுக்கங்க, நெலம் எதுக்கு, பொண்ணு ஃபீஸுக்கா, இல்ல காப்பி விலை ஏறிடுச்சு, ரிசார்ட்காரங்க ஏக்கருக்கு என்னென்னமோ சொல்றாங்கன்னு கேள்விப்பட்டு வந்த ஆசையா, இல்ல அண்ணி ஏதோ சொன்ன கோவமா. பதில் எனக்கு வேண்டாம். ஆனா தெரிஞ்சுக்கங்க, அந்த எச்சரிக்கை கேக்கறவனுக்கு மட்டும் இல்ல, அதுக்கு அப்புறம் வர்ற உவமையில களஞ்சியத்த இடிச்சுப் பெருசா கட்டறவன் நெலம் வச்சிருக்கறவன்தான்.

விட்டுக்குடுக்கறதப் பத்தி. ஆபிரகாம் லோத்துகிட்ட நீ இடதுபுறம் போனா நான் வலதுபுறம் போறேன்னு சொன்னது பெரிய காரியம், ஏன்னா அவர்கிட்ட இருந்தது, தெரிஞ்சே விட்டாரு, யாரும் வசனம் சொல்லி வாங்கல. நீங்களும் விடலாம். ஒரு ஏக்கர் என்னோடது, எனக்கு தெரியும், அண்ணன் அப்பாவுக்கு டயாலிசிஸுக்கு ஏத்தி இறக்கி பாத்துக்கிட்டாரு, அவருக்கே இருக்கட்டும்னு மனசார தோணுச்சுன்னா தாராளமா விடுங்க, அதுக்கு நான் குறுக்க வரல. அப்ப பத்திரத்துல உண்மைய எழுதுங்க, பிரதிபலன் எதுவும் வாங்காம, சகோதர பாசத்தால விட்டுக்குடுக்கறேன்னு. அது தேவனுக்கும் முன்னாடி நிக்கும், சப்-ரெஜிஸ்ட்ரார் முன்னாடியும் நிக்கும். பயத்துல விடறதுக்குப் பேரு தியாகம் இல்ல. ஒரு தடவை ரெஜிஸ்டர் ஆயிட்டா, மனசு மாறி ரத்து பண்ணணும்னு வந்தா கட்டாயப்படுத்துனாங்கன்னு நிரூபிக்கற பாரம் உங்க தலையில, அதுக்கும் 3 வருஷக் கெடு, ரொம்ப கஷ்டம்.

கேரளாவுல மேரி ராய் அம்மா கேஸும் 1986-தான். திருவாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி பொண்ணுக்கு மகன் பங்குல கால்வாசி இல்லன்னா 5000 ரூபா, ரெண்டுல எது கம்மியோ அது. அவங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் அந்தச் சட்டம் செல்லாது, 1925 சட்டம்தான்னு தீர்ப்பு வாங்குனாங்க, சபைங்க தரப்புல இருந்தே எதிர்ப்பு வந்துச்சு. நம்ம சேலம் பக்கம் அந்தப் பிரச்சினையே இல்ல, இங்க எப்பவோ சட்டம் சரிசமம்தான். நமக்கு இருக்கறது வீட்டுக்குள்ள இருக்கற பிரச்சினை.

சரி, இப்ப என்ன செய்யறது. கோர்ட்டுக்கு முன்னாடி நிறைய படி இருக்கு, மத்தேயு 18 வரிசையிலயே போகலாம். முதல்ல மலை மேல ஊருக்குப் போய் அண்ணன தனியா பாருங்க, போன்லயோ வாட்ஸாப் ஃபேமிலி குரூப்லயோ வேண்டாம், அறுவடை நேரத்துலயும் வேண்டாம், நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பழம் எடுக்க ஆள் கிடைக்காம அவரே எரிச்சல்ல இருப்பாரு. கேஸ் போடப் போறேன்னு ஆரம்பிக்காதீங்க. ரெண்டாவது பக்கத்த காட்டுங்க, அண்ணா இது பொய்யா இருக்கு, இதுல நான் எப்படி கையெழுத்து போடறதுன்னு கேளுங்க. வேதம் தெரிஞ்ச மனுஷன்னா அந்தக் கேள்வி அவர நிறுத்தும்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கு, அத நீங்களே முதல்ல சொல்லிடுங்க. அப்பா வைத்தியத்துக்கு அவர் கையக் கடிச்ச செலவு, தோட்டத்துக்கு உரம், கூலி, சில்வர் ஓக் மேல மிளகுக்கொடி ஏத்துனது, இதுக்கெல்லாம் கணக்கு எழுதி பொதுவுல கழிச்சுக்கலாம், அதே நேரம் அப்பா இறந்ததுக்கு அப்புறம் வந்த காப்பி மிளகு வருமானமும் கணக்குல வரணும். நாலரை ஏக்கர பிளேடு போட்டு அறுத்தா காப்பிப் பழம் தோல் உரிக்கற பல்பர் ஒருத்தருக்கு, களம் ஒருத்தருக்கு, தண்ணி ஒருத்தருக்குன்னு யாருக்கும் பிரயோஜனம் இல்ல. ஒரு மதிப்பு போட்டு உங்க ஒரு ஏக்கருக்கான பணத்த அவர் குடுக்கட்டும், ஒரே தடவையில முடியாதுன்னா வருஷா வருஷம் காப்பி வித்த காசு வரும்போது தவணையா குடுக்கட்டும், கடைசித் தவணை வந்தப்புறம் விடுதலைப் பத்திரம். இல்ல தவணைய பத்திரத்துலயே எழுதிடணும். வாய்ப்பேச்சுல விடாதீங்க.

அது நடக்கலன்னா பாஸ்டர்கிட்ட திரும்பப் போங்க, 5-வது வசனத்தக் காட்டி, நீங்களும் எங்க ரெண்டு பேரும் ஒத்துக்கற ஒரு பெரியவரும் உக்காந்து தீத்து வைங்கய்யான்னு கேளுங்க. முடியாதுன்னு சொன்னா, கோர்ட்டுக்குப் போகாதன்னு சொல்ற உரிமைய அவரே விட்டுட்டாருன்னு அர்த்தம். அப்பவும் கேஸ்தான்னு இல்ல. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, கேஸ் போடறதுக்கு முன்னாடியே மனு குடுத்தா ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவாங்க, மக்கள் நீதிமன்றத்துல சமரசம் ஆனா அது கோர்ட் தீர்ப்பு மாதிரியே, மேல்முறையீடு கெடையாது. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு. இத நான் சொன்னா என் பொழப்பு என்னாகறதுன்னு ஜூனியர் பசங்க சிரிக்கறாங்க. பாகப்பிரிவினை வழக்கு கடைசி. எல்லாம் பண்ணிப் பார்த்தும் அவர் அசையலன்னா, போடுங்க. நீதியில்லாத நியாயாதிபதிகிட்ட விடாம போய் நின்ன விதவைய இயேசு ஜெபத்துக்கே உதாரணமா காட்டுனாரு, கோர்ட்டுக்குப் போனவன்னு அவள யாரும் தள்ளி வைக்கல.

அவசரமும் இல்ல. கூட்டுச் சொத்துல ஒருத்தர் அனுபவிக்கறது எல்லாருக்காகவும் அனுபவிக்கறதாத்தான் சட்டம் பாக்கும், உங்கள வெளிப்படையா உனக்கு பங்கு இல்லன்னு ஒதுக்குனது உங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்துதான் 12 வருஷக் கணக்கு. ஆனா வில்லங்கச் சான்று ஒண்ணு இப்பவே ஆன்லைன்ல போட்டுப் பாருங்க, வாரிசு சான்றிதழ்ல உங்க பேரு இருக்கான்னு பாருங்க. பட்டா அண்ணன் பேருக்கு மாறியிருந்தா பதறாதீங்க, பட்டா மட்டும் வச்சு சொத்து யாருக்கும் சொந்தமாகாது, ஆனா தாசில்தாருக்கு ஆட்சேபணை ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க.

வாரிசுல ஒருத்தர்னு சொன்னதத் தவிர, அம்மாவப் பத்தி நீங்க லெட்டர்ல வேற ஒரு வரி கூட எழுதல. எனக்கு அதுதான் பெரிய கவலை. மூணுல ஒரு பங்கு அவங்களோடது, உங்களவிட அவங்க பாகம்தான் பெருசு. டிராஃப்ட்ல அவங்க பேரும் எழுதிக்கொடுப்பவர் வரிசையில முதல்ல இருக்கு. அண்ணன் நல்லா பாத்துக்கலாம், நான் இல்லன்னு சொல்லல, ஆனா தன் பேர்ல ஒன்றரை ஏக்கர் இருக்கற அம்மாவுக்கு வீட்ல இருக்கற மரியாதை வேற. எழுதியே குடுக்கறதா இருந்தாலும் ஆயுசு வரைக்கும் சோறு, வைத்தியம், இருக்க இடம் தரணும்னு நிபந்தனை போட்டு எழுதணும், அப்படி எழுதி அவர் பாக்காம விட்டா 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்த ரத்து பண்ணச் சொல்லி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கிட்ட கேக்க முடியும். நிபந்தனை இல்லாம குடுத்தா அந்த வழியும் சிரமம். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக"ன்னு இருக்கறதுக்கு இந்தக் குடும்பத்துல இப்ப நேரடியான அர்த்தம் இதுதான்.

திருவிருந்து விஷயத்துல உங்க சபை ஒழுங்கு எனக்கு தெரியாது, ஆனா உரிமைய கேட்டதுக்காக நீங்களே உங்களுக்கு தண்டனை போட்டுக்க வேண்டியதில்லன்னு மட்டும் என் மனசுல பட்டத சொல்றேன்.

இந்த வாரம் அண்ணன் ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு டோக்கன் போட்டிருக்கறதா சொன்னீங்க. போகாதீங்க. அக்காவுக்கு இன்னைக்கே போன் பண்ணி, ரெண்டாவது பக்கத்த ஒரு தடவை சத்தமா படிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணச் சொல்லுங்க, அம்மாவ பாக்கப் போகும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.